மான் போடாத கல்யாணம்

மலாக்காவின் காஜா பெராங்கில் காலை பத்து மணிக்கு மேல் ஆட்டுக்கறி வாங்கப் போனால் ஜெய்னுலாப்தீன் பாய் உங்களை மனுஷனாகவே மதிக்க மாட்டார். "இப்பத்தான் விடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுப் பலகையைக் கழுவத் தொடங்கிவிடுவார். எதிர்வாடையில் மளிகைக் கடை வைத்திருக்கும் எனக்கே இதுதான் மரியாதை. பதினெட்டு வருஷப் பழக்கம். ஒரு எலும்பு கூடுதலாக விழுந்தது கிடையாது. என் மனைவி மெய்யம்மை, "உங்க சிநேகிதர்கிட்ட ஈரல் கேட்டீங்களா?" என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்பாள். நானும் கேட்கத்தான் செய்கிறேன். ஈரலெல்லாம் பிள்ளைபெற்றவளுக்கும் நோயாளிக்கும்தான் என்பது அவருடைய சட்டம். எனக்கு நோய் வருகிற மாதிரியும் தெரியவில்லை.

இன்றைக்கு அவரை ஆட்டு பாய் என்றுதான் ஊர் அறியும். ஜாசின் போகிற வழியில் உள்ள ரப்பர் தோட்டத்தில் நாற்பது வீட்டுக்காரர்கள் அவருடைய ஆடுகளை வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, வளர்க்கிறார்கள். பெட்டை ஆடு பாயுடையது. அது போடும் குட்டிகளில் ஒன்று வளர்த்தவருக்கு, ஒன்று பாய்க்கு. வயதான ரப்பர் மரங்களின் நிழலில் முளைக்கிற புல்லை மேய்ந்துகொள்ளலாம். இளம் ரப்பர்க் கன்று நிற்கிற பக்கம் தலைகாட்டினால் தொலைந்தது. செமாபோக், புக்கிட் பாரு வரைக்கும் கல்யாணமென்றால் அங்கிருந்துதான் ஆடு போகிறது. மனுஷன் தொட்டிலிலேயே ஆட்டுக்குட்டியோடு படுத்திருப்பார் என்று நினைக்கிற இளவட்டங்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாது, ஐம்பத்தேழாம் வருஷம் வரைக்கும் இவர் பெயர் மான் பாய்.

அது எப்படி வந்தது என்றால், ஜப்பான்காரன் காலத்தில் இந்த ஊர் ஆடு முழுக்கத் தின்று தீர்ந்துவிட்டது. சண்டை முடிந்த பிறகும் ஆட்டுக்கறி பெரிய வீட்டுச் சமாசாரமாகவே இருந்தது. அப்புறம் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களை ஒடுக்க அரசாங்கம் அறிவித்த அவசர காலம்; காட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. மலாக்காவில் கொரில்லா தொல்லை ஓய்ந்த பகுதிகளை வெள்ளை வட்டாரம் என்று அறிவித்துக் கெடுபிடியைத் தளர்த்தினார்களோ இல்லையோ, துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருந்தவன் எல்லாம் காட்டுக்குள் புகுந்தான். பசாரில் ஆட்டுக்கறியைவிட மான்கறி மலிவாகிவிட்டது. கல்யாணமா, கெண்டூரி விருந்தா, மான்தான்.

ஆனால் முஸ்லிம்களுக்கு ஒரு கட்டு உண்டு. குண்டடிபட்டே செத்த மானை அவர்கள் தொட மாட்டார்கள். உயிர் இருக்கும்போதே ஒருவர் இறைவன் பெயரைச் சொல்லிக் கழுத்தை அறுக்க வேண்டும். அதனால் துப்பாக்கிக்காரன் மட்டும் போனால் போதாது; கத்தியோடு ஓட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் ஜெய்னுலாப்தீன் பாய்.

நான் இதையெல்லாம் கதை கேட்டு எழுதவில்லை. என்னிடம் ஒரு ஆஸ்டின் வேன் இருந்தது. ஞாயிறு விடிந்தால் அது மளிகை சுமக்காது, மான் சுமக்கும். முன்னால் என் பக்கத்தில் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி பொன்னுதுரை உட்கார்ந்திருப்பார். யாழ்ப்பாணத்துக்காரர், மடியில் இரட்டைக் குழல் துப்பாக்கி. பின்னால் பாயும், தடம் பார்க்கிற சுப்பையனும். சுப்பையன் அதே தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவன். கிடைக்கிற மானில் ஒரு கால் அவன் கூலி. அவன் வீட்டில் கறி என்றால் அந்தக் கால்தான்.

வெடிச் சத்தம் கேட்டதும் பாய் ஓடுவாரே, அதைக் காணக் கண் கோடி வேண்டும். கைலியைத் தொடைக்கு மேல் வரிந்துகொண்டு, லாலாங் புல்லை ஒரு கையால் விலக்கி, மறு கையில் உறையோடு கத்தியைத் தூக்கிப் பிடித்துப் பாய்வார். குள்ளமான, தொந்தி விழுந்த மனுஷன். அந்த நேரத்தில் மட்டும் எங்கிருந்து வருமோ அந்த வேகம். நான் வேனில் உட்கார்ந்து பிளாஸ்க் தேநீரைக் குடித்தபடி சிரித்துக்கொண்டிருப்பேன். வாங்குகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "பாய் கை பட்டதா?" பட்டது என்றால் பேச்சு முடிந்தது. அறுத்தபோது அதற்கு உயிர் இருந்ததா என்று எவரும் கேட்டதில்லை. காட்டுக்குள்ளே நடந்ததற்கு அவர் நாக்குதான் சாட்சி.

அவருக்கு ஒரு பழக்கம். அறுத்து முடித்ததும் மானின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். ஆடு வாங்கிப் பழகிய கை. பால் பல்லா, அது விழுந்து பெரிய பல் போட்டதா, தேய்ந்ததா என்று பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. "மான்கிட்ட வயசு கேட்டு என்ன பாய், பொண்ணா கட்டப் போறீங்க?" என்று கிண்டல் செய்வேன். அவர் பல்லை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். முதல் வருஷம் ஆயர் குரோ தாண்டியதுமே மான் கிடைத்தது. அப்புறம் ஜாசின் தாண்ட வேண்டியிருந்தது. பிறகு செலாண்டார் பக்கம். என் வேன் பெட்ரோல் குடித்தது. பாயின் முகம் வருஷத்துக்கு வருஷம் இருண்டது. நான் அதைக் கவனித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். கிடைக்கிற கறியில்தான் என் கவனம்.

இந்த நிலையில்தான் பாயின் மகள் மரியத்துக்குச் சம்பந்தம் அமைந்தது. மாப்பிள்ளையின் அப்பா அப்துல் கய்யூம், ஜாலான் பெண்டஹாராவில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். நல்ல மனுஷர்தான், ஆனால் நாலு பேர் பார்க்கத் தும்முவதென்றாலும் ஜரிகைக் கைக்குட்டை வேண்டும். பேச்சு முடிவான அன்று பாய் சந்தோஷத்தில், "ஒவ்வொரு சஹனிலும் மான்கறி இருக்கும் சம்பந்தி, என் பொறுப்பு" என்று வாயை விட்டார். சஹன் என்பது பெரிய தட்டு. அதில் சோற்றைக் குவித்து, கறியை வைத்து, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மறுநாளே பெண்டஹாரா முழுக்க மான்கறிக் கல்யாணம் என்ற பேச்சு பரவிவிட்டது.

நாட்டுக்கு மெர்டேக்கா என்கிற சுதந்திரம் கிடைத்து, கல்யாணத்துக்கு ஆகாத சஃபர் மாதம் கழியட்டுமென்று காத்திருந்து, நபி பிறந்தநாளான மீலாது முடிந்த வாரத்தில் கல்யாணம் வைத்தார்கள். அதற்கு முன்னால் மூன்று ஞாயிறு காட்டுக்குப் போனோம். மூன்றும் வெறுங்கை. தடம்கூட இல்லை என்று சுப்பையன் உதட்டைப் பிதுக்கினான். கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, ஞாயிறு இல்லாத நாளில், கிராணியார் லீவு போட்டுவிட்டு வந்தார். சாயங்காலம் நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையில் வெடிச் சத்தம் கேட்டது.

மான்கள் அப்போதெல்லாம் மனுஷ வாடை பட்டாலே ஓடின, கிட்டே விடுவதில்லை. கிராணியார் தூரத்திலிருந்தே சுட்டிருக்கிறார். அடிபட்டது அந்த இடத்தில் விழாமல் ஓடி, ஒரு ஓடைச் சரிவில் போய் விழுந்துவிட்டது. பாய் ஓடினார். அன்றைக்கு நானும் வேனை விட்டு இறங்கி ஓடினேன். சேற்றில் இரண்டு தடவை சறுக்கி விழுந்து, எழுந்து, உடம்பெல்லாம் செம்மண்ணாக அவர் போய்ச் சேர்ந்தபோது மான் அசையாமல் கிடந்தது. மூக்குக்கு நேரே உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கழுத்தை அழுத்திப் பார்த்தார். விரலால் கண்ணைத் தொட்டார், இமை அசையவில்லை. அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கிராணியார் மூச்சிரைக்க வந்தார். "ஏன் பாத்துக்கொண்டு இருக்கிறீர் பாய்? சூடு ஆறேல்ல, கெதியா அறும்!"

"உயிர் இல்ல கிராணி."

"இப்பதான் காலை உதறினது. நான் என்ர கண்ணால கண்டனான்."

"நான் பாக்கலையே."

அப்போது நான் ஒரு வார்த்தை சொன்னேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. "அரை நிமிஷம் முன்ன பின்ன போயிருக்கும் பாய். இங்க இருக்கறது நாம நாலு பேர். மரியத்தோட கல்யாணம். கத்தியை வைங்க" என்றேன். சுப்பையன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுக்கு இருந்த நாகரிகம் எனக்கு இல்லை.

பாய் என்னைத் திட்டவில்லை. மானின் வாயைத் திறந்து, மழைத் தண்ணீரை விரலால் வழித்துவிட்டுப் பல்லைப் பார்த்தார். "இங்க பாருங்க செட்டியாரே, பால் பல்லு. முதல் வருசம் நான் அறுத்ததெல்லாம் பல்லு தேஞ்ச கிழடு. அப்புறம் நல்ல வயசு. இந்த வருசம் பல்லு போட்டது ஒண்ணுகூட என் கைக்கு வரல. இனிமே என்ன, வயித்துல இருக்கறதையா தேடிக்கிட்டு வரப்போறோம்?" கத்தியை உறையில் போட்டார். "நாலு வருசமா நான்தான் ஓடி ஓடி அறுத்தேன். நான் ஓடலைன்னா இந்த ஊர்ல பாதிப் பேர் மான் கேட்டிருக்க மாட்டாங்க. போதும்."

"அப்ப எங்க வீட்டுக்கு?" என்று சுப்பையன் மெதுவாகக் கேட்டான். நியாயமான கேள்வி. பாய் அவனைப் பார்த்து, "கல்யாணம் முடிஞ்சதும் வீட்டுக்கு வா, ஒரு பெட்டை ஆடு தர்றேன். பால் கறந்துக்க, குட்டி போட்டா ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு" என்றார். தோட்டத்தில் வாரத்துக்கு ஆடு வளர்ப்பது அன்றைக்கு அந்தச் சேற்றில்தான் ஆரம்பித்தது. கிராணியாருக்குத்தான் ஆத்திரம் தீரவில்லை. ரெண்டு மாதம் கழித்து வெள்ளைக்கார மேனேஜரிடம் மேய்ச்சலுக்கு அனுமதி வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அன்று அந்த மானை அவர் முஸ்லிம்கள் போகாத ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கொடுத்துவிட்டார். ஒரு தொடை என் வீட்டுக்கு வந்தது. தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். நன்றாகவே இறங்கியது.

பாயின் மனைவி சபியா வீட்டுக்குப் பின்னால் பதினாறு ஆடு வளர்த்துக்கொண்டிருந்தார். கீரைத்தண்டு, பலா இலை, என் கடையில் கழிகிற பருப்பு உமி எல்லாம் அங்கேதான் போகும். பாய் சேறும் சகதியுமாகப் போய் நின்று விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மாள், "நாலு வருசமா காட்டுல போய்த் தேடுறீங்க. வீட்டுக்குப் பின்னால நிக்கறது கண்ணுல படல" என்றாராம். பிறகு கல்யாண விருந்துக்கென்று பன்னிரண்டு ஆடுகளைத் தானே பிரித்துக் கட்டினார். கடைசி ஆட்டைக் கட்டும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை மெய்யம்மை பார்த்திருக்கிறாள்.

மறுநாள் காலையில் பாயை வேனில் ஏற்றிக்கொண்டு பெண்டஹாரா போனேன். அப்துல் கய்யூம் துணிச் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். மான் கிடைக்கவில்லை, ஆடுதான் என்று பாய் சொன்னதும் அவர் முகம் தொங்கிவிட்டது. கடை வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அதனால என்ன சம்பந்தி? மசாலாவைத் தூக்கலாப் போட்டு இறக்குங்க. நீங்க மான்னு சொன்னா மான்தான். உங்க பேச்சை எவன் மறுக்கப் போறான்?"

"அதனாலதான் சொல்லக் கூடாது."

"ஏன்? ஆடு ஹலால்தானே? யாருக்கு என்ன நஷ்டம்?"

"இன்னிக்கு என் பொண்ணு கல்யாணத்துல மான்னு சொன்னா, அடுத்த மாசம் ஹமீது வீட்டுக் கல்யாணத்துல மான் எங்கேன்னு கேப்பாங்க. இல்லாததைத் தேடி எவனாவது மறுபடியும் காட்டுக்குப் போவான். இருக்கற நாலு மான்குட்டியும் போயிடும். வர்றவங்ககிட்ட ஆடுன்னு சொல்லித்தான் போடப் போறேன்."

அப்துல் கய்யூம் எழுந்துவிட்டார். "நான் பெண்டஹாரா முழுக்கச் சொல்லி வச்சிருக்கேன். நிக்காஹ் நடக்கும், அதுல மாத்தமில்ல. ஆனா நீங்க ஆடுன்னு சொன்னா நான் சஹன்ல கை வைக்க மாட்டேன். அப்புறம் உங்க இஷ்டம்."

இது லேசான பேச்சு இல்லை. மாப்பிள்ளையின் அப்பா கை வைக்காமல் மாப்பிள்ளை வீட்டார் ஒருவரும் கை வைக்க மாட்டார்கள். பந்தலில் அத்தனை பேர் சாப்பிடாமல் எழுந்து போனால், மரியம் அந்த வீட்டுக்குள் எந்த முகத்தோடு போவாள்? காலம் முழுக்கச் சொல்லிக் காட்டுவார்களே. திரும்பி வரும்போது வேனில் எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "செத்த மானை அறுக்க மாட்டேன்னு விட்டுட்டு வந்தீங்களே, அதையாவது அவர்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"எதுக்கு? திருடாததுக்கு யாராவது பாராட்டு கேப்பாங்களா?" என்றார்.

கல்யாணத்தன்று மழை விட்டிருந்தது. நிக்காஹ் முடிந்ததும் பந்தலில் ஜமுக்காளம் விரித்து எழுபது சஹன் போட்டார்கள். அரிசியும் நெய்யும் என் கடையுடையது என்பதால் நான் அடுப்புக்கும் பந்தலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். சாப்பிட உட்காருமுன் விருந்தாளிகளின் கையில் கெண்டியிலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். பொதுவாக அதற்கென்று ஆள் இருப்பார்கள். அன்றைக்குப் பாய் கெண்டியைத் தானே வாங்கிக்கொண்டார். ஒவ்வொருவர் கையிலும் தண்ணீர் ஊற்றும்போது, "வாங்க, ஆட்டுக்கறிதாங்க. மான் இல்ல" என்றார். சிலர் சிரித்தார்கள். சிலர் உச்சுக்கொட்டினார்கள். "மான்னு சொன்னதாலதான் கடையை மூடிட்டு வந்தேன்" என்று ஒருவர் சத்தமாகவே சொன்னார். "மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவர் கையில் ஊற்றினார் பாய். எழுபது சஹன், கிட்டத்தட்ட முந்நூறு பேர், குரல் கம்மிவிட்டது. கடைசியில் சம்பந்தியின் கையிலும் ஊற்றி, அதையே சொன்னார்.

அப்துல் கய்யூம் கையைத் துடைத்துக்கொண்டு நடு சஹனில் உட்கார்ந்தார். எதிரே ஜெய்னுலாப்தீன் பாய். சோறு ஆவி பறந்தது. அப்துல் கய்யூம் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டார் அவர் கையைப் பார்த்தார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்தார்கள். ஒருவர் பின் ஒருவராகப் பேச்சு நின்று, பந்தலே அமைதியாகிவிட்டது. தடுப்புத் துணிக்கு அந்தப் பக்கம் பெண்கள் இருந்தார்கள். மரியம் அங்கேதான் மணப்பெண்ணாக உட்கார்ந்திருந்தாள்.

"ஊர்ல என்ன பேசிக்கிறாங்க தெரியுமா?" அப்துல் கய்யூம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "நீங்க காட்டுப் பக்கமே போகலையாம். வீட்டு ஆட்டை இங்கே தள்ளிவிடத்தான் இத்தனை வேஷமாம்."

பாய் தலையைக் குனிந்துகொண்டார். அது என் வீட்டுச் சபை இல்லை, நான் வாய் திறக்கிற இடமும் இல்லை. ஆனாலும் திறந்துவிட்டேன்.

"போனாரு! நான்தான் வேன் ஓட்டினேன். நாலு தடவை போனாரு. நாலாவது தடவை மான் விழுந்துச்சு. இவர் ஓடிப் போறதுக்குள்ள உயிர் போயிடுச்சு. அறுங்க, யாருக்கும் தெரியாதுன்னு கிராணி சொன்னாரு. நானும் சொன்னேன். இந்த வாயாலதான் சொன்னேன். அவர் கத்தியை வைக்கல."

அப்துல் கய்யூம் என்னைப் பார்க்கவில்லை. எதிரே குனிந்திருந்த தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்குக் கடையில ஏன் சொல்லல?" என்று கேட்டார். குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது.

பாய் சஹன் ஓரத்தில் சிந்தியிருந்த சோற்றை விரலால் உள்ளே தள்ளினார்.

"நீங்க அறுத்துக் கொண்டாந்திருந்தா நான் தின்னிருப்பேன்."

"ஆமா."

"எங்க வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் தின்னிருக்கும்."

"ஆமா" என்றார் பாய். "என் கை பட்டதுன்னு நம்பித் தின்னிருப்பீங்க."

அப்துல் கய்யூம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். சஹனுக்குள் கை வைத்து, சோற்றை விலக்கி, இருந்ததிலேயே பெரிய துண்டை எடுத்தார். எலும்பிலிருந்து கறியைப் பிய்த்தார். பிய்த்ததைத் தன் பக்கம் வைத்துக்கொள்ளவில்லை. எதிர்ப்பக்கம், பாயின் முன்னால் வைத்தார்.

"முதல்ல நீங்க சாப்பிடுங்க மச்சான்" என்றார்.